ஏழாம் பிரிவின் அடைப்புக்குறி

வியன்னா
2 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய யாக்ஷா ஸாங்கி அவர்களுக்கு,

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்க்கிறீர்கள். பயப்பட வேண்டாம், யாரும் சாகவில்லை. இது வேலை விஷயம்.

ஏப்ரல் முதல் வரைவுக் குழுவுக்கு நான் தலைவர். நீங்கள் உட்கார்ந்த அதே நாற்காலி. இன்னும் இடப்பக்கம் சாய்கிறது. ஏவுகணைச் சோதனை முன்னறிவிப்பு ஒப்பந்தம் ஒருவழியாக முடியும் நிலைக்கு வந்திருக்கிறது. நாற்பத்தொரு பிரிவுகளில் நாற்பதை முப்பத்தெட்டு நாடுகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. மிச்சம் ஏழாம் பிரிவின் கடைசி வாக்கியம்: ‘தரப்பினரிடையே போர் மூண்டாலும் முன்னறிவிப்புக் கடமை நீங்காது.’ அதை எழுதியவள் நான் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. அதைச் சுற்றி அந்தச் சதுர அடைப்புக்குறி இன்னும் இருக்கிறது.

குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதை ஏதோ ஒரு நாடு ஏற்கவில்லை என்று பொருள். இறுதி நாளன்றும் குறி நீங்கவில்லை என்றால் உள்ளே இருப்பதையும் சேர்த்து வெட்டிவிடுவோம் என்று சொல்கிறேன். “எந்த நாடு மேடம்?” என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியவில்லை. பழைய நடவடிக்கைக் குறிப்புகளை முழுவதும் படித்துவிட்டேன். 2018 ஜூன் 14 மாலை வரை வாக்கியம் குறியில்லாமல் இருக்கிறது. மறுநாள் காலை குறியோடு இருக்கிறது. நடுவில் எதுவும் பதிவாகவில்லை.

அவையில் வெளிப்படையாகக் கேட்க முடியாது. ‘இது யாருடையது?’ என்று கேட்டால், அதுவரை அதை நினைத்தே பார்க்காதவர்கூட எழுந்து ‘எங்களுடையதுதான்’ என்பார். பிறகு அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடிப்பார். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள்.

அப்போது தலைவராக இருந்தவரும் நீங்கள். குறியைப் போடச் சொன்னது யார்? நவம்பர் 22 இறுதி நாள். மின்னஞ்சலில் கேட்காததற்குக் காரணம், என் மின்னஞ்சலை சோஃபியாவில் எங்கள் அமைச்சகத்தில் எட்டுப் பேர் படிக்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ராதோஸ்தினா கெர்ஜிகோவா

*

விஸ் தீவு
11 செப்டம்பர் 2024

தலைவி அம்மையாரே,

‘தங்கள் உண்மையுள்ள’வாம்! பதினொரு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் பிஸ்கட்டை எல்லாம் தின்றவள் எழுதும் எழுத்தா இது? போகட்டும். நீ தலைவர் ஆன செய்தியை நான் மே மாதமே கேள்விப்பட்டு ஒரு குவளை அதிகமாகக் குடித்தேன். வாழ்த்துக் கடிதமும் எழுதினேன். அனுப்பவில்லை. அது இன்னும் சர்க்கரை டப்பாவுக்குக் கீழே கிடக்கிறது.

இங்கே திராட்சை பறிப்பு தொடங்கிவிட்டது. போன வருஷம் மழையில் போனதற்கு இந்த வருஷம் கொடி தாங்காத காய்ப்பு. என் முதுகு என்னோடு பேசுவதில்லை. மத்தி மீன் நன்றாகக் கிடைக்கிறது. நேற்று வெங்காயம் தக்காளியோடு வைத்து ரொட்டிக்குள் மூடிச் சுட்டோம். உனக்குப் பிடித்தது. ஒருமுறை இங்கே வந்தபோது நான்கு துண்டு தின்றுவிட்டு ‘பசியில்லை’ என்று சொன்னாய்.

அணுகுண்டு வைத்திருக்கும் அந்த இரண்டு பெரிய நாடுகளுக்கும் நாம் வைத்த பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா? மாடிவீடு, எதிர்வீடு. மாடிவீட்டுக்காரர்கள் இன்னும் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் தலைநகருக்கு ஃபோன் போடுகிறார்களா?

நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. பெரியவர்கள் யாரோ கை வைத்தார்கள். அதற்குமேல் நினைவில் இல்லை.

என் பெண்டாட்டி தின்கா பின்னால் நின்று படித்துவிட்டுச் சொல்கிறாள்: “அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டிருக்கா. நீ மீன் கதை எழுதிக்கிட்டிருக்க. வெக்கமா இல்ல?”

அவள் இன்னும் துறைமுகத்தில் படகுச் சீட்டுக் கொடுக்கிறாள். எல்லோரிடமும் இப்படித்தான் பேசுகிறாள்.

உன் பழைய
யாக்ஷா

*

வியன்னா
20 செப்டம்பர் 2024

யாக்ஷா அவர்களுக்கு,

மீனைப் பற்றி ஒரு பக்கம், அடைப்புக்குறியைப் பற்றி இரண்டு வரி. தின்கா அவர்கள் கேட்டது நியாயம்.

நேராகவே எழுதுகிறேன். 2018 ஜூன் 15 காலை, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில், நான் உங்களிடம் கேட்டேன்: “என் வாக்கியத்தை யாருக்கு வித்தீங்க?” நீங்கள் பதில் சொல்லவில்லை. கோப்பையைக் கழுவினீர்கள். அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் கோப்பை கழுவி நான் பார்த்ததில்லை.

நம் தொழிலில் மௌனத்துக்குப் பொருள் உண்டு. ஒரு வரைவைச் சுற்றுக்கு விட்டு, குறித்த நேரத்துக்குள் யாரும் மறுப்பு எழுதாவிட்டால் எல்லோரும் சம்மதித்ததாகக் கொள்கிறோம். உங்கள் மௌனத்தையும் அப்படித்தான் கொண்டேன். மற்ற நாற்பது பிரிவுகளைக் காப்பாற்ற ஒன்றைக் கொடுத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். ஒரு தலைவர் அப்படிச் செய்யலாம். என்னிடம் சொல்லியிருக்கலாம். மறுவாரமே நான் இருக்கை மாற்றிக்கொண்டதும், உங்கள் பிரியாவிடை விருந்துக்கு வராததும் அதனால்தான்.

இப்போது கோபம் இல்லை. அல்லது, இருக்கும் கோபத்துக்கு நேரம் இல்லை. யாருக்குக் கொடுத்தீர்கள் என்று தெரிந்தால் அவர்களிடம் தனியாகப் பேசிப் பார்ப்பேன். பெயர் போதும்.

ராதோஸ்தினா

*

விஸ்
1 அக்டோபர் 2024

ராதோஸ்தினா,

விற்கவில்லை.

அன்று நான் பதில் சொல்லாததற்குக் காரணம், எனக்கே தெரியாது. காலையில் வந்தேன், சுத்தப் பிரதியை எடுத்தேன், உன் வாக்கியத்தைச் சுற்றிக் குறி நிற்கிறது. மாடிவீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் திருப்தியாகத் தலையாட்டினார். எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவரும் தலையாட்டினார். என் முதுகுக்குப் பின்னால் இருவரில் ஒருவர் ஆவணப் பிரிவுக்குச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். அவையில் நடந்தது எதுவென்று தெரியாத தலைவன்! அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? முட்டாள் என்று உன் வாயால் கேட்பதைவிடத் திருடன் என்று கேட்பது பரவாயில்லை என்று தோன்றியது. ஒருநாள் போனால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ இருக்கை மாற்றிவிட்டாய்.

இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். இங்கே லூக்ராவின் காபிக் கடையில் நான் ஆறு வருஷமாக ஒரு கதை சொல்லி வருகிறேன். இரவு பத்து மணிக்கு ஒரு பெரிய தலைநகரத்திலிருந்து ஃபோன் வந்ததாகவும், ‘அந்த வாக்கியம் இருந்தால் நாங்கள் இருக்கமாட்டோம்’ என்று மிரட்டியதாகவும், நான் எழுந்து நின்று பேசியதாகவும். வருஷத்துக்கு வருஷம் அந்த ஃபோன்காரரின் பதவி உயர்ந்துகொண்டே போகிறது. ஃபோனே வரவில்லை.

என் பழைய தாள்கள் எல்லாம் கொட்டகையில், மீன் பெட்டியில் கிடக்கின்றன. தேடச் சொல்லி தின்காவின் உத்தரவு. “தேடாம வீட்டுக்குள்ள வராதே” என்கிறாள். வெளியே மழை.

யாக்ஷா

*

விஸ்
9 அக்டோபர் 2024

ராதோஸ்தினா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

கிடைத்துவிட்டது. ஜூன் 14 மாலை என் கையில் இருந்த பிரதி. பக்கம் பதினொன்று. அத்திப்பழக் கறையோடு. உன் வாக்கியத்தைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறி. பென்சிலில். அந்தக் கோணல் என் பென்சிலுக்கு மட்டும்தான் வரும். ஓரத்தில் ஓர் எழுத்து: ‘தி.’

தி என்றால் தின்கா.

உனக்குத் தெரியாத ஒரு வழக்கம் எனக்கு இருந்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, அவள் சீட்டு ஜன்னலை மூடும் நேரத்தில், ஃபோன் செய்வேன். அன்றைக்கு எழுதியதில் எனக்குப் பிடித்த வாக்கியத்தை வாசித்துக் காட்டுவேன். முப்பது வருஷமாகப் படகு உண்டு, படகு இல்லை என்று ஊருக்குச் சொல்கிறவள். அவளுக்குப் புரியாததை எந்தக் கப்பல் கேப்டனும் எந்தத் தளபதியும் புரிந்துகொள்ளப் போவதில்லை. வாசித்ததும் “என்ன எழவு இது?” என்றால் மறுநாள் மாற்றச் சொல்வேன். “புரியுது” என்றால் அப்படியே விடுவேன். அதுதான் அவள் வாயிலிருந்து வரும் பெரிய பாராட்டு. பதினொரு வருஷத்தில் ஒன்பது தடவைதான் சொல்லியிருக்கிறாள்.

வாசிக்க வேண்டியதை அடையாளம் வைக்க என் கை பழக்க தோஷத்தில் சதுரக் குறி போட்டிருக்கிறது. வேறு என்ன போடத் தெரியும் இந்தக் கைக்கு?

அன்று வாசித்ததும் நினைவு வந்துவிட்டது. அவள் சொன்னாள்: “இதைப் போய் எழுதித்தான் வைக்கணுமா? காத்து அடிக்கிற அன்னிக்குத்தானே நான் பலகை போடுறேன், இன்னிக்குப் படகு இல்லைன்னு? நல்ல நாளைக்கு எதுக்குப் பலகை? சண்டைன்னு வந்தாத்தான் ரொம்பச் சொல்லணும். புரியுது, புரியுது, வை.”

இரண்டு தடவை ‘புரியுது’. ஒரே ஃபோனில். அது நடந்ததே அந்த ஒரு முறைதான்.

பிறகு நான் அந்தப் பிரதியையே ஆவணப் பிரிவு ஹில்டகார்ட் அம்மாவிடம் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அவர் தாளில் இருப்பதை அடிப்பார், இல்லாததை அடிக்கமாட்டார். ‘தி’ ஓரத்தில் இருந்ததால் விட்டுவிட்டார். குறி உள்ளே இருந்ததால் அடித்துவிட்டார். மறுநாள் காலை தாளை என்னிடமே திருப்பித் தந்தார். நான் பார்க்காமல் பையில் போட்டேன்.

ஆக, உன் வாக்கியத்தை ஆறு வருஷமாகச் சிறைவைத்திருப்பது மாடிவீடும் இல்லை, எதிர்வீடும் இல்லை. என் பாராட்டு.

தின்கா சிரித்து முடிக்கவில்லை. கொட்டகையில் தொடங்கியது, சமையலறையில் தொடர்கிறது.

ஒரு வேண்டுகோள். என் பெயர் வராமல் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா? லூக்ராவின் கடை மூன்று கதவு தள்ளித்தான் இருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் ரொட்டி வாங்கப் போகிறேன்.

யாக்ஷா

*

வியன்னா
17 அக்டோபர் 2024

அன்புள்ள யாக்ஷா,

உங்கள் கடிதத்தை டிராமில் படித்தேன். சிரித்தேன். பக்கத்தில் நாய்க்குட்டியோடு இருந்த கிழவி இடம் மாறி உட்கார்ந்தார். அலுவலகத்தில் மறுபடி படித்தேன். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கதவைத் திறந்து, “மேடம், நீங்கதானா? சத்தம் கேட்டுச்சு, யாரோன்னு நெனச்சேன்” என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிரித்து முடித்த பிறகு சட்டம் படித்தவளாக யோசித்தேன். உங்கள் பெயர் இல்லாமல் முடியாது. எந்த நாடும் கேட்காமலே அந்தக் குறி வந்தது என்று நான் சொன்னால் ‘ஆதாரம்?’ என்பார்கள். மூலப் பக்கம் வேண்டும். அன்றைய தலைவர் கையெழுத்திட்ட ஒரு வாக்குமூலமும் வேண்டும். ஒரு பத்தி போதும். இரண்டும் இருந்தால் ஆவணப் பிரிவு அதை எழுத்துப் பிழை போலத் திருத்தலாம். நவம்பர் 11 திங்கட்கிழமை சுற்றறிக்கை போகும். 14 வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குள் யாரும் மறுக்காவிட்டால் குறி நீங்கும். ஒரே ஒரு நாடு ஒரு வரி எழுதினாலும் அது நிரந்தரமாக அந்த நாட்டுடையதாகிவிடும். 22ஆம் தேதி வாக்கியம் போகும்.

அனுப்பத்தான் வேண்டும் என்று வற்புறுத்தமாட்டேன். முப்பத்தெட்டு தூதுக்குழுக்கள் உங்கள் பெயரைப் படிக்கும். பெரும்பாலோர் சிரிப்பார்கள். நான் சிரித்தது போலவே.

அந்த வாக்கியம் ஒரு ஏவுகணையையும் தடுத்து நிறுத்தாது என்பது எனக்குத் தெரியும். பெரியவர்கள் கையெழுத்திடுவார்களா, இட்டால் மதிப்பார்களா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் தொண்ணூற்றைந்தில் நார்வேயிலிருந்து வடதுருவ வானத்து ஒளியை ஆராய ஒரு ராக்கெட் விட்டார்கள், நினைவிருக்கிறதா? முன்கூட்டியே சொல்லித்தான் விட்டார்கள். சொன்னது எல்லைக்கு அப்பால் ராடார் பார்க்கிறவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சில நிமிடங்கள் அதைத் தாக்குதலோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அமைதிக் காலம். சண்டை நடக்கும்போது அந்தச் சில நிமிடங்கள் எப்படி இருக்கும் என்று நினைத்துத்தான் அன்று எழுதினேன். தின்கா அவர்கள் பலகையை வைத்துச் சொன்னது என் ஏழு பக்க விளக்கக் குறிப்பைவிட நன்றாக இருக்கிறது. குறிப்பைக் கிழித்துவிட்டேன்.

முடிவு உங்களுடையது. தபாலுக்கு நான்கைந்து நாள் ஆகிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

ராதோஸ்தினா

*

விஸ்
29 அக்டோபர் 2024

ராதோஸ்தினா,

இணைப்பு: பக்கம் பதினொன்று, கறையோடு. வாக்குமூலம், கையெழுத்தோடு. கறை அத்திப்பழக் கறைதான் என்பதையும் வாக்குமூலத்தில் சேர்த்திருக்கிறேன். பின்னால் யாராவது வந்து இரத்தம் என்று சொல்லிவிடக் கூடாது.

ஏன் தாமதம்? முதல் மூன்று நாள் எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தெட்டு நாடுகளைப் பற்றிக் கவலை இல்லை. அவர்களை நான் இனிப் பார்க்கப் போவதில்லை. லூக்ராவை நாளைக் காலையே பார்க்க வேண்டும். தின்கா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். நான்காம் நாள் சாப்பிடும்போது சொன்னாள்: “அவ பதினொரு வருஷம் உன்கூட உக்காந்து வேலை செஞ்சவ. அந்தப் புள்ளைக்காக ஒரு நாள் சிரிப்புப் பொருளா இருந்தா தேய்ஞ்சா போயிடுவ?”

எழுந்து நேராகக் கடைக்குப் போனேன். வியன்னாவில் தெரிவதற்கு முன் இங்கே நானே சொல்லிவிடுவது என்று முடிவு. உள்ளே ஆறேழு பேர். நின்றுகொண்டே சொன்னேன். ஃபோன் வரவில்லை, யாரும் மிரட்டவில்லை, குறி போட்டது நான்தான், பெண்டாட்டிக்கு வாசித்துக் காட்ட.

லூக்ரா குவளையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அப்ப அந்தப் பிரதம மந்திரி?”

“இல்லை.”

“பத்து மணி ஃபோன்?”

“பத்து மணிக்கு நான் தூங்கிக்கிட்டிருந்தேன்.”

“யாக்ஷா, ஆறு வருஷமா அந்தக் கதைக்கு நான் உனக்கு ஓசியில ஊத்தியிருக்கேன்!”

மூலையிலிருந்து ஒரு மீனவன் சொன்னான்: “இந்தக் கதை அதைவிட நல்லாயிருக்கு லூக்ரா. ஊத்து.”

ஊற்றினாள். இப்போது எல்லோருக்கும் பென்சில் கதைதான் வேண்டுமாம். நேற்று வேறு ஊர்க்காரன் ஒருவனை அழைத்து வந்து என்னை மறுபடி சொல்லச் சொன்னார்கள். பெயர் கெட்டுவிடும் என்று நான் ஆறு வருஷம் கட்டிக் காத்த பழைய கதை, இதன் முன் ஒரு குவளைக்குக்கூடத் தேறாது!

அதற்குப் பிறகு தாமதத்துக்குக் காற்றுதான் காரணம். தெற்குக் காற்று நான்கு நாளாக அடிக்கிறது. தின்கா காலையில் போய்ப் பலகையில் எழுதிவிட்டு வருகிறாள்: ‘இன்று படகு இல்லை.’ என்னைப் பார்த்து, “நான் இதைச் சொல்லலைன்னா ஊரே பெட்டியைத் தூக்கிட்டுக் கரையில நிக்கும்” என்கிறாள். நான் என்ன மறுத்தா பேசினேன்?

இன்று காற்று இறங்கியிருக்கிறது. உறையைப் பதிவுத் தபாலில் போடாமல் படகுக் கேப்டன் கையிலேயே கொடுக்கப் போகிறாள். அக்கரையில், ஸ்பிளிட் நகரத்திலிருந்து அவருடைய மைத்துனி வியன்னாவுக்குப் பஸ் ஓட்டுகிறாளாம். “இது போய்ச் சேரலைன்னா உன் படகுக்கு இனிமே சீட்டே விக்கமாட்டேன்” என்று அவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். பதிவுத் தபாலைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

யாக்ஷா

*

வியன்னா
15 நவம்பர் 2024

அன்புள்ள யாக்ஷா,

அக்டோபர் 31 காலை ஏழு மணிக்கு, சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் என் வீட்டு மணியை அடித்து, “கேப்டன் கொடுத்தது. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, இல்லன்னா அவர் கதி அதோகதி” என்று சொல்லி உறையைத் தந்தார். உள்ளே வரச் சொன்னேன். பஸ் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று ஓடிவிட்டார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை சுற்றறிக்கை போனது, உங்கள் பக்கத்தின் பிரதியோடும் வாக்குமூலத்தோடும். செவ்வாய் முழுவதும் தாழ்வாரத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். போர்த்துகல்காரர் ‘தின்கா அவர்கள் மற்றப் பிரிவுகளையும் பார்ப்பாரா?’ என்று கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. புன்னகைக்கிறவர்கள்தான் நம் தொழிலில் கடைசி நேரத்தில் எழுதுவார்கள்.

புதன் எதுவும் வரவில்லை.

வியாழன் பதினொன்றரைக்கு ஆவணப் பிரிவின் எழுத்தர் கையில் ஒரு தாளோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு தூதுக்குழு சுற்றறிக்கையின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதியிருந்தது: மண்டபத்தில் குளிர் தாங்கவில்லை, தயவுசெய்து சூடாக்கியை ஏற்றவும்.

“மேடம், இதே எண்ணைப் போட்டு எழுதியிருக்காங்க. இது மௌனத்தைக் கலைச்சதா ஆகுமா?”

நான் தாளை இரண்டு தடவை படித்தேன். “குளிரைப் பத்தின கருத்து ஏழாம் பிரிவைப் பத்தின கருத்து ஆகாது. சூடாக்கியை ஏத்தச் சொல்லுங்க. சீக்கிரம். இன்னொரு கடிதம் வரதுக்குள்ள.”

பதினொன்றே முக்காலுக்கு மாடிவீட்டு ஆலோசகர் கதவைத் தட்டினார். புதியவர், உங்களுக்குத் தெரியாது. உயரமானவர். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

“ராதோஸ்தினா, ஒண்ணே ஒண்ணு. அந்தக் குறி நெஜமாவே எதிர்வீட்டுக்காரங்களோடது இல்லையா?”

“இல்லை.”

“எங்களோடதும் இல்லை. ஆனா எங்க தலைநகரத்துல அதுக்குன்னு ஒரு கோப்பு இருக்கு. இவ்வளவு தடிமன். எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் குறியை விட்டுக்கொடுக்காதேன்னு எனக்கே ரெண்டு தடவை உத்தரவு வந்திருக்கு.”

“உங்களோடது இல்லாததையா?”

“யாரோடதுன்னு தெரியாதப்ப, நம்மளோடதா இருந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு முன்ஜாக்கிரதை.”

“இப்ப என்ன உத்தரவு?”

“எதிர்வீடு எழுதினா நாங்களும் எழுதணும். எழுதலைன்னா வேண்டாம்.” கொஞ்சம் தயங்கினார். “அவங்களுக்கும் அதே உத்தரவுதான்னு கேள்வி. அந்த ஆள் கீழே ஹால்ல கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்.”

நான் காபி ஊற்றிக் கொடுத்தேன். இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அவர் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் என்னைப் பார்த்து அவசரமாகச் சொன்னார்: “என் பொண்ணு. கடைவாய்ப் பல்லைப் புடுங்கியாச்சாம்.”

பன்னிரண்டு அடித்தது. இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்தோம், மரியாதைக்காக. அவர் எழுந்து கைகொடுத்தார். பிறகு வாசலில் திரும்பி, “அந்தக் கோப்பை இனிமே என்ன பண்றது?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு போனார்.

இரண்டு மணிக்கு ஹில்டகார்ட் அம்மாவின் இடத்தில் இருக்கும் இளைஞர் சுத்தப் பிரதியைக் கொண்டுவந்தார். பக்கம் பதினொன்று. வாக்கியம் குறியில்லாமல் நின்றது. ஆறு வருஷம் குறியோடு பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொஞ்சம் நிர்வாணமாகத்தான் தெரிந்தது.

22ஆம் தேதி ஒப்பந்தத்தை மூடுகிறோம். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். கையெழுத்துக்கு வருஷக் கணக்கு, ஒப்புதலுக்கு இன்னும் வருஷக் கணக்கு. அமலுக்கு வரும்போது நான் உங்களைப் போல எங்காவது மீன் சுட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் ‘சண்டையிலும் சொல்லிவிட்டுச் செய்’ என்று முப்பத்தெட்டு நாடுகள் மறுக்காமல் விட்ட ஒரு தாள் இப்போது இருக்கிறது. நேற்றுவரை இல்லை. எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நேற்று மாலை வீட்டுக்கு நடந்தே போனேன், ஆற்றுப் பாலத்தின் மேல். அப்படிப் போய்ப் பல வருஷம் ஆகிறது.

மூலப் பக்கத்தை ஆவணப் பிரிவு தர மறுக்கிறது. நிரந்தரக் காப்பில் வைக்கிறார்களாம், கறையோடு. ஓரத்திலிருக்கும் ‘தி’ யாரென்று பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். ‘ஆலோசகர்’ என்று எழுதினேன்.

இன்னொன்று எழுத வேண்டியிருக்கிறது. மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். [அன்று நீங்கள் கோப்பையைக் கழுவியபோது நான் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் ஆறு வருஷம் கோபமாக இருந்தது என் தவறு, எனக்கு நீங்கள் இல்லாமல் அந்த மேசை நன்றாக இல்லை.]

குறி என்னுடையது. பென்சிலில்தான் போட்டிருக்கிறேன். ஏழு மணிக்கு தின்கா அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ராதோஸ்தினா

*

விஸ்
24 நவம்பர் 2024
(அஞ்சலட்டை)

ராதோஸ்தினா,

ஜன்னலை மூடும் நேரத்தில் போய் வாசித்தேன். பின்னால் மூன்று பேர் சீட்டுக்கு நின்றார்கள், அவர்களும் கேட்டார்கள். தின்கா திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “புரியுது” என்றாள்.

பத்தாவது.

டிசம்பர் 20 காலைப் படகுக்கு உன் பெயரில் ஒரு சீட்டு எடுத்து வைத்திருக்கிறாளாம். மறுப்பு இருந்தால் டிசம்பர் 10ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

யாக்ஷா